மொக்கச்சாமியின் மறு அரங்கேற்றம்

ராசிங்காபுரத்தில் வந்து மொக்கச்சாமி வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். டீசல் வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். ஜீப்பு ஓட்டுகிறவன், அதனால் வந்த பேர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியே நினைத்துத் தொலையட்டும் என்று அவனும் விட்டுவிடுவான். அந்தப் பேர் வந்த கதையை அவன் வாயால் சொல்ல வைக்க யாராலும் முடிந்ததில்லை.

நாம் சொல்லிவிடுவோம், என்ன இப்போது. மீசை அரும்பின வயதில் அவனுக்குப் பல குரல் பேசுகிற கிறுக்கு இருந்தது. சேவல் கூவும், ஆடு கத்தும், போடி பஸ்சு கண்டக்டர் விசிலடிப்பார், கணக்கு வாத்தியார் மூக்கால் பேசுவார், எல்லாம் அவன் ஒருத்தன் தொண்டையில். காளியம்மன் கோயில் பொங்கலுக்கு மேடை போட்டார்கள். 'நம்ம ஊர்ப் பிள்ளை, முதன்முதலாக மேடையேறுகிறார்' என்று மைக்கில் அறிவித்து அவனை நடுவில் நிறுத்தினார்கள். வாயைத் திறந்தான். எதிரே ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. தொண்டையில் இருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி முக்கினான், மறுபடியும் 'கிர்ர்'. கூட்டத்தில் ஒருத்தன், "டீசல் இல்லடா! தள்ளி விடுங்கடா!" என்று கத்தினான். சொன்னதோடு விட்டானா, மூன்று நான்கு பேர் நிஜமாகவே மேடையில் ஏறி முதுகில் கையை வைத்துத் தள்ளினார்கள். சிரித்த சிரிப்பில் கோயில் மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. மொக்கச்சாமி பின்பக்கமாகக் குதித்து ஓடியவன்தான், கம்பத்தில் அத்தை வீட்டில் போய் ஒரு மாதம் கிடந்தான்.

அதற்கப்புறம் மேடை இருக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஜீப்பு ஓட்டக் கற்றுக்கொண்டான், ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டான், தலையில் நரையும் வந்துவிட்டது. தினமும் விடியலில் ஊர்ப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவான். ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொண்டு இறங்குவான். மேடையில் வராத குரலெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வந்து கொட்டும். வளைவுக்கு ஒரு குரல். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவர்களில் வேலுத்தாய் என்று ஒருத்தி. அவனைவிட மூத்தவள், வாயாடி. முன்சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, என்ன குரல் வேண்டும் என்று உத்தரவு போடுகிறவள் அவள்தான்.

"தம்பி, அந்தச் சேட்டன எடுத்து விடு."

சேட்டன் என்றால் தோட்டத்து மலையாளத்து சூப்பர்வைசர். மொக்கச்சாமி உடனே கழுத்தை இழுத்துக்கொண்டு, "எந்தா சேச்சி, பணி எடுக்கான் வந்நதோ, கத பறையான் வந்நதோ?" என்பான், வேலைக்கு வந்தாயா கதை பேச வந்தாயா என்று அவர் அதட்டுகிற மாதிரியே. ஜீப்பே குலுங்கும். வேலுத்தாய் அவன் தோளில் ஒரு அடி போட்டு, "நாசமாப் போறவனே, இதுக்கு நீ மேடையேறணும்டா. இந்தப் பொட்டச்சிகளுக்கு முன்னாடி கத்தி என்ன சொகம்?" என்பாள். இருபது வருசத்தில் அவனிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவள்.

அவள் புருசன் சோலைமலையும் அதே தோட்டத்தில்தான் வேலை பார்த்தார். போன ஐப்பசி மழையில், ஏலச்செடிகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்து மொக்கச்சாமியின் ஜீப்பில்தான் போட்டார்கள். மற்றவர்கள் தோட்டத்து லாரியில் பின்னால் வருகிறோம் என்றார்கள். பின்சீட்டில் புருசன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேலுத்தாய், முன்னால் இவன். பாதி மலை இறங்கும்போதே உயிர் போய்விட்டது. அது தெரிந்த நொடியில் அவள் எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல்.

"எந்திரிய்யா! சட்டையில பித்தான் இல்லன்னு காலையில சொன்னியே, சாயங்காலம் தச்சுத் தர்றேன்னுதானய்யா சொன்னேன்! அதுக்குள்ள என்னய்யா அவசரம் ஒனக்கு? இன்னும் சாயங்காலம் ஆகலையேய்யா! தூக்குல கஞ்சி அப்பிடியே கெடக்கே, அத யாருய்யா குடிப்பா? எந்திரிய்யா, எந்திரின்றேன்ல!"

திட்டுகிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியாத குரல். ஏறும்போது கீச்சென்று ஏறி, 'எந்திரிய்யா' என்கிற இடத்தில் உடைந்து கீழே விழும். போடி ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் குரல்தான். கேட்டவன் மொக்கச்சாமி ஒருத்தன் மட்டும். கண்ணீர் மறைக்க மறைக்க வண்டியை ஓட்டினான். அதில் பொய் இல்லை. அந்தத் துக்கத்தில் அவன் கிடந்து அழுதான், கருமாதிவரை கூட நின்று எல்லாச் சோலியும் பார்த்தான்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதை அவன் ஈஸ்வரியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் அழுதுகொண்டிருந்தபோதே அவனுடைய நாக்கு, பல்லுக்குப் பின்னால், அந்தக் குரலைப் பழகிக்கொண்டிருந்தது. எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது என்று காது தன்பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. சீ, நாயே, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டினவன் சும்மா இருந்தானா? பத்திருபது நாள் கழித்து, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாக மலையேறும்போது, ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். அச்சு அசல். மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. சந்தோசமாகவும் இருந்தது, அந்தச் சந்தோசத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டான்.

சித்திரையில் கோயில் பொங்கல் வந்தது. விழாக் கமிட்டியில் வினோத்குமார் என்று படித்த பையன். அவனிடம் போய், "டீசல மேடையேத்துங்கப்பா, அவன் இப்ப பழைய ஆளு இல்ல" என்று சொன்னது சாட்சாத் வேலுத்தாய்தான். துக்கம் நடந்து அரை வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்தவன் நல்லதுக்குப் பேசப் போனவள் அவள். வினோத்குமாரும் சரி என்று சொல்லி, பஸ் ஸ்டாப்பில் ஒரு பிளக்ஸ் கட்டினான். கூலிங்கிளாஸ் போட்ட மொக்கச்சாமி, கீழே கொட்டை எழுத்தில், 'பல குரல் மன்னனின் மறு அரங்கேற்றம்'.

ஜீப் ஸ்டாண்டில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அரங்கேற்றம் தெரியும். அதென்ன மாப்ளே மறு அரங்கேற்றம்?" என்றான் பிரபாகரன். அவனும் ஜீப் டிரைவர்தான், வாய் நீளம்.

வினோத்குமார் சிரித்தான். "என் தங்கச்சி சுசித்ரா கொரியாக்காரங்க பாட்டா கேட்டுக்கிட்டுத் திரியும்ல, அது சொன்னதுண்ணே. அங்க ஒரு பாட்டுக் குழு மொத தடவ வந்து எடுபடாம கலைஞ்சு போயிருவாங்களாம். பெறகு வேற பேரு, வேற குழுன்னு புதுசா வருவாங்களாம். வந்தவங்கதான், ஆனா இப்பத்தான் மொத மொதல்ல வர்ற மாதிரி வருவாங்க. அதுக்குன்னே அவங்ககிட்ட ஒரு சொல்லு இருக்கு. நான் தமிழ்ல போட்டுட்டேன்."

"அப்ப பழசெல்லாம் கணக்குல இல்லையா?"

"இல்லண்ணே. துடைச்சாச்சு."

மொக்கச்சாமிக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. துடைச்சாச்சு. இனிமேல் டீசல் இல்லை. வீட்டுக்கு வந்து ஈஸ்வரியிடம் பெருமையாகச் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டே, "மறுன்னு போட்டா மொதத்தடவ என்னாச்சுன்னுதான கேப்பாங்க? மறந்தவங்களுக்கும் ஞாபகப்படுத்தி வச்சிருக்காங்க. இதுல பெரும என்ன கெடக்கு?" என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

பொங்கல் அன்றைக்குப் பொழுது சாயவும் மேடையேறினான். வேட்டி புதுசு, சட்டை புதுசு. வேலுத்தாய் வீடு வருசம் திரும்பாத துக்க வீடு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. ஆனாலும் இவன் பேசுகிறதைக் கேட்கவேண்டும் என்று பந்தலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். மேடையிலிருந்தே அவளைப் பார்த்தான். அவள் கையை ஆட்டி, ஆரம்பி என்பதுபோலக் காட்டினாள்.

ஆரம்பித்தான். குரல் வந்தது. சேவல், ஆடு, கண்டக்டர், சேட்டன், எல்லாம் சுத்தமாக வந்தது. வந்து என்ன செய்ய? கூட்டம் சிரிக்கவில்லை. இந்தக் காலத்தில் போனைத் தட்டினால் ஆயிரம் பேர் சேவல் மாதிரி கூவுகிறார்கள். பையன்கள் குனிந்து போனைப் பார்த்தார்கள். பொம்பளைகள் பிள்ளைக்கு முறுக்கு வாங்க எழுந்தார்கள். சேட்டனுக்கு ஏலத்தோட்டத்துப் பொம்பளைகள் மட்டும் சிரித்தார்கள், அதுவும் பாவமே என்று சிரித்த சிரிப்பு. பின்வரிசையில் எவனோ இழுத்துச் சொன்னான்:

"டீ... சல்."

அவ்வளவுதான். முதுகில் அந்தப் பழைய கைகள் வந்து பட்டமாதிரி இருந்தது. இன்னொரு தடவை ஓட முடியாது, ஓடினால் இந்த ஊரில் இருக்க முடியாது. என்ன செய்கிறோம் என்று தெரியுமுன்னே தோள் துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டான். குடிச்சுப்போட்டுக் கிடக்கிற புருசனை எழுப்புகிற பொண்டாட்டி என்று மைக்கில் சொன்னான். வாயைத் திறந்தான்.

"எந்திரிய்யா! சாயங்காலம் தச்சுத் தர்றேன்னுதானய்யா சொன்னேன்! அதுக்குள்ள என்னய்யா அவசரம் ஒனக்கு?"

முதல் வரியிலேயே கூட்டம் நிமிர்ந்தது. இரண்டாவது வரியில் வெடித்தது. கஞ்சிக்கு வந்தபோது ஆம்பளைகள் வேட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவனுக்கு நிறுத்த முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் குரல் ஏறியது, ஏறின இடத்தில் உடைந்தது, உடைந்த இடத்தில் விசில் பறந்தது. ஏலத்தோட்டத்துப் பொம்பளைகளும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் ஒருத்தி டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் பொத்தினாள். அது யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன, தினமும் கேட்கிற குரல். அவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

ஊர்ப் பெரியவர் பொன்னாடை போர்த்தினார். பையன்கள் தோளில் தூக்கினார்கள். பிரபாகரன், "இன்னையோட டீசல் செத்தான், பல குரல் மன்னன் பொறந்தான்" என்று கத்தினான். வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரி பொன்னாடையை வாங்கி மடித்தாள். அவளும் சிரித்தவள்தான். மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அது வேலுத்தாய் மதினி குரலுதான?"

அவன் சட்டைப் பித்தானை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"மதினி அப்பிடி அழுது நான் கேட்டதே இல்லையே. கருமாதியிலகூட விறைச்சுப்போய்த்தான ஒக்காந்திருந்துச்சு. நீங்க எங்கன கேட்டீங்க?"

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தான். கழற்றி முடித்த பிறகும் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஈஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. "அட பாவி மனுசா" என்றாள், பொன்னாடையைப் பெட்டிக்குள் வைக்காமல் கொடியில் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் விடியலில் வேலுத்தாய் ஜீப்புக்கு வந்தாள். வராமல் இருக்க வழியில்லை, அந்தத் தோட்டத்துக்குப் போகிறது இவன் வண்டி ஒன்றுதான். ஆனால் கம்பிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசியில், டெயில்போர்டை ஒட்டி, வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களும் பேசவில்லை. வழக்கமாகப் புருசனைத் திட்டுகிறவள் திட்டவில்லை, மருமகளைக் குறை சொல்கிறவள் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகுதான் அவனுக்கு உறைத்தது. இவன் காதில் விழுந்தால் நாளைக்கு மேடையில் வரும் என்று பயப்படுகிறார்கள். களவாணியைக் கண்டால் சேலையை இழுத்து மூடுகிறமாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போடிமெட்டு ஏறும்வரை இன்ஜின் சத்தம் மட்டும்தான். அவனுக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

மெட்டில் டீக்கு நிறுத்துகிற இடத்தில், அவனே ஒரு கிளாசை வாங்கிக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினான்.

"அக்கா... தெரியாம, வாயில வந்துருச்சுக்கா."

வாங்கினாள். குடித்தாள். கிளாசை அவன் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். திட்டியிருக்கலாம், செருப்பைக் கழற்றியிருக்கலாம். அவன் அதற்குத் தயாராகத்தான் போனான்.

அந்தச் சொல் இதற்குள் ஊரில் பரவிவிட்டது. குடியை விடுகிறேன் என்று மாலை போட்டவன் மாலையைக் கழற்றின கையோடு கடைக்குப் போனால், "மறு அரங்கேற்றம்". கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பொண்டாட்டி திரும்பி வந்தால் அது மறு அரங்கேற்றம், ஒர்க்ஷாப்பில் கிடந்த லோடு வண்டி ஸ்டாண்டுக்கு வந்தால் அதுவும்தான். பிரபாகரன் வாயில் அது எந்நேரமும் வெற்றிலைமாதிரி கிடந்தது. 'எந்திரிய்யா'வும் போன் போனாகப் பாய்ந்தது. பொட்டிபுரத்தில் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வேறு எதைப் பேசினாலும், "அந்தப் பொண்டாட்டி குரலப் போடுங்கண்ணே" என்று கத்தினார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, உள்ளதைச் சொன்னால், அந்தக் கைதட்டு வேண்டும்போலவும் இருந்தது. போட்டான். வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, காறித் துப்பினான். யாரைத் துப்பினான் என்று நாம் கேட்கவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எவர் கூப்பிட்டும் போகவில்லை. பேச்சு வரலேப்பா, தொண்டை கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டான். இதை எப்படியாவது வேலுத்தாய் காதில் போட்டுவிடவேண்டும் என்று வண்டியில் சத்தமாக இரண்டு தடவை சொன்னான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. அவள் ஒரு வார்த்தை பேசவேண்டும், வசவாக இருந்தாலும் சரி.

ஐப்பசி வந்தது. சோலைமலைக்கு வருசத் திவசம். துக்கம் கழிகிற நாள். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கைபோட்டு, கடைசியாக ஒருதடவை கூடி அழுவார்கள். வீட்டுக்காரிதான் முதல் குரல் எடுக்கவேண்டும். அவள் எடுக்காமல் மற்றவள் வாய் திறப்பது வழக்கமில்லை. ஈஸ்வரி போய் வட்டத்தில் உட்கார்ந்தாள். ஆம்பளைகள் பந்தலில் பெஞ்சுகளில் இருந்தார்கள். மொக்கச்சாமி ஒரு மூலையில், இலை வாங்கி வந்த சாக்கில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

புருசன் போட்டோவுக்கு மாலை போட்டு வேலுத்தாய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கை விழுந்தது. கருமாதியில் அழாதவள், இன்றைக்காவது அழுது தீர்க்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் உடம்பு ஒருதடவை ஆடியது. கண்ணை மூடினாள்.

"எய்யா..." என்று எடுத்தாள். அதே குரல். ஏறியது.

ஆம்பளைகள் பக்கத்திலிருந்து, பழக்கதோசத்தில், பிரபாகரன் மெள்ளச் சொன்னான்:

"மறு அரங்கேற்றம்."

பக்கத்தில் இருந்தவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. அது இன்னொருத்தனுக்குத் தொற்றியது. "எவன்டா அவன்?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். பிரபாகரன் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிட்டது.

ஏறின குரல் ஏறின இடத்திலேயே நின்றது. வேலுத்தாய் வாயை மூடிக்கொண்டாள். பொம்பளைகள் தோளில் போட்ட கையை எடுக்காமல் காத்திருந்தார்கள். "அழு மதினி" என்றாள் ஈஸ்வரி, கெஞ்சுகிறமாதிரி. வேலுத்தாய் இன்னொருதடவை வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. மெல்லக் கைகளை விலக்கிவிட்டு எழுந்தாள். "இலையப் போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அழாமலே பந்தி ஆரம்பித்தது. சோலைமலையின் வருசத் திவசம் அப்படி முடிந்தது.

மொக்கச்சாமி தூணைவிட்டு நகரவில்லை. அவனைப் பார்க்காமல் எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிரபாகரனை அடிக்கலாமா என்று கை துடித்தது. எதற்கு அடிக்க? அவன் சொன்னது ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் அர்த்தம் உண்டாக்கி வைத்தது இவன்தானே. ஓடிப்போய்விடலாம் என்று கால் தானாக வாசல்பக்கம் திரும்பியது. கம்பத்தில் அத்தைகூட இப்போது உயிரோடு இல்லை. திரும்பி, வீட்டுக்குப் பின்னால் போனான்.

அவள் அங்கே அண்டாவில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் காலில் விழப் போனான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அக்கா, என்னைய வெட்டிப் போட்டுரு. நான் இனிமே யாரு குரலும் எடுக்க மாட்டேன். நீ ஒருவாட்டி அழுதுரு அக்கா. எல்லாரையும் வெளிய அனுப்பிர்றேன். நானும் போயிர்றேன். கதவச் சாத்திக்கிட்டு அழு."

பேசமாட்டாள் என்றுதான் நினைத்தான். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். மிகவும் மெல்லிசாக, ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், வேறு யாரோ பேசுகிறமாதிரி பேசினாள்.

"வீட்டுல தனியாக் கெடக்கையில அழுது பாக்கலைன்னா நெனைக்கிற? அழுக வருது தம்பி. வாயத் தொறந்தா ஒன் குரலு வருது."